மூன்றாம் பிறைக்கு ஒரு முகம்

நெல் அவிக்கிற கிடாரத்து மூடியைத் திறக்குமுன் நாகேஸ்வரி மேற்கே திரும்பி ஒருமுறை பார்த்துக்கொள்வாள். விடியல் வெளிச்சத்தில் வெளிறிப்போன நிலவு குளக்கட்டு மரங்களுக்கு மேலே நின்றால், "இன்னும் போகேல்லையோ நீ? வீடு வாசல் இல்லையோ?" என்று கேட்பாள். கேட்டபிறகுதான் மூடியில் கை வைப்பாள். ஆவி குப்பென்று முகத்தில் அடிக்கும். நெல் வாய் பிளந்துவிட்டதா என்று ஒரு பிடி அள்ளி, கைக்குக் கை மாற்றி ஊதிப் பார்ப்பாள். பிறகு மறுபடியும் மேற்கே ஒரு பார்வை. அடுத்த வளவுக்காரன் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடுவானோ என்ற சந்தேகம் அந்தப் பார்வையில் இருக்கும்.

இந்தக் குசலம் விசாரிப்பு தேய்பிறை நாட்களில்தான். வளர்பிறை வந்துவிட்டால் நிலவு பின்னேரமே மேலே வந்து நிற்கும். காய்ந்த நெல்லைக் குவித்தபடி அண்ணாந்து பார்ப்பாள். பூரணை கழிந்தால் அது நாளுக்கு நாள் பிந்தித்தான் எழும்பும். "நேற்று வந்த நேரத்துக்கு இண்டைக்கு வரமாட்டான். ரெண்டு நாழிகை பிந்தும். இவனைக் கூலிக்குப் பிடிச்சால் ஒரு போகமும் வெட்டி முடியாது" என்பாள். ஊரார் சந்திரபகவான் என்று கும்பிடுகிற ஒருவரை அவன் இவன் என்று பேச அவளுக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. விடியப்புறம் எழும்பி நெல் அவிக்கிறவளுக்குத் துணைக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

உடையார்கட்டு ஊரில் நெல் அவிக்கிறவர்கள் வேறும் உண்டு. ஆனால் நாகேஸ்வரி அவித்த நெல்லைக் குத்தினால் அரிசி உடைந்து குறுணல் விழாது என்று பெயர். ஊரார் ஊறவைத்துக் கொண்டுவரும் நெல் சாக்கை அவிழ்த்து முதலில் மோந்து பார்ப்பாள். ஊறியது கூடிப்போயிருந்தால், "இதைக் கொண்டுபோய் மாட்டுக்குப் போடுங்கோ, என்ரை கிடாரத்தைப் பழுதாக்காதையுங்கோ" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். நாற்பதைக் கடந்துவிட்டாள், கட்டையான உருவம், அடுப்பு வெக்கையில் கன்னம் இரண்டும் பழுப்பேறிப் போயிருக்கும். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, வேர்வையில் கரைந்தாலும் திரும்பத் திரும்ப வைத்துக்கொள்வாள். சிரித்தால் முகம் முழுவதும் சிரிக்கும். இப்போது சிரிப்பது குறைவு.

நிலவில் இருக்கிற கறுப்பை அவள் முயல் என்றுதான் சொல்வாள். அந்த முயலை அவள் அளவுக்குப் பார்த்தவர்கள் ஊரில் இல்லை. "பின்னேரம் ஏறேக்கை காது ரெண்டும் மேலை நிக்கும். விடியப்புறம் இறங்கேக்கை பாருங்கோ, தலைகீழாய்க் குளத்துக்கை பாயப்போகுது" என்பாள். பார்த்தால் உண்மையில் அப்படித்தான் இருக்கும். ஆனால் எந்த நேரத்தில் பார்த்தாலும் அதே முயல்தான். ஒருநாளாவது அது முதுகைக் காட்டியதில்லை.

ஏன் காட்டுவதில்லை என்று மகளிடம் ஒருமுறை கேட்டாள். ஞானேஸ்வரி அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தகப்பன் நடராசாவும் வீட்டில் இருந்த காலம் அது.

"நிலவு பூமியை ஒருக்காச் சுத்தி வாற நேரத்திலை தன்னைத்தானும் ஒருக்காச் சுத்துதம்மா. அதாலைதான் எங்களுக்கு எப்பவும் ஒரே பக்கம் தெரியுது."

"தன்னைத்தானே சுத்தினால் முதுகு தெரியவேணுமே? உன்ரை வாத்தியாருக்கு விசர்."

நடராசா நெல்மூட்டையில் சாய்ந்து இருந்து சிரித்தார். ஞானேஸ்வரி விடவில்லை. தாயின் கையைப் பிடித்து எழுப்பி, எரிகிற அடுப்புக்கு முன்னால் நிறுத்தினாள். "கிடாரத்தையே பாத்தபடி ஒரு சுற்று வாங்கோ. முகத்தைத் திருப்பக் கூடாது." நாகேஸ்வரி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நண்டுபோலப் பக்கவாட்டில் கால் வைத்து நடந்தாள். முதலில் கிடாரத்துக்கு அப்பால் குளக்கட்டுத் தெரிந்தது, பிறகு வேலி, பிறகு றோட்டு, பிறகு குசினி.

"இப்ப நாலு திக்கையும் பாத்திட்டியள். அப்ப நீங்கள் ஒருக்காச் சுழண்டிட்டியள்தானே? கிடாரம் உங்கடை முதுகைக் கண்டதோ?"

நாகேஸ்வரி கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள், கொதித்தது. முதுகில் வாடைக்காற்றுக் குளிராக அடித்தது. "காணேல்லை" என்றாள் வியப்போடு. பிறகு, நிலவில் போய் மிதித்துவிட்டு வந்தவர்கள் அதன் மறுபக்கத்தையும் பார்த்தார்களா என்று கேட்டாள்.

"அங்காலை சுத்திப் படம் எடுத்திருக்கினம். கல்லும் பள்ளமும்தான். இந்தக் கறுப்பு அந்தப் பக்கத்திலை இல்லையெண்ட மாதிரித்தானாம்."

"அப்ப முயல் இஞ்சாலைதான் இருக்குது" என்று நாகேஸ்வரி திருப்திப்பட்டாள். "பாக்க ஆளிருக்கிற பக்கம்."

அந்த வீட்டில் அப்போது சிரிப்புக்குக் குறைவிருக்கவில்லை. மாதத்தில் ஒரு பின்னேரம் ஊரே அந்த வளவுக்குள் வரும். மூன்றாம் பிறையைக் கண்டவர், கண்ட கண்ணோடு ஒரு நல்ல முகத்தைப் பார்க்கவேண்டும். மாதம் முழுவதும் அந்த முகத்தின் பலன்தான் என்பது அங்குள்ளவர்களின் நம்பிக்கை. உடையார்கட்டின் அந்த ஒழுங்கையில் நல்ல முகம் நாகேஸ்வரியினுடையது. அந்தப் பெயர் வந்ததும் ஒரு கூத்துத்தான். அவள் கலியாணமாகி வந்த புதிதில், அடுத்த வளவு நல்லதம்பி பிறை பார்த்துவிட்டுத் தடுக்கித் திரும்பியபோது, வேலிக்கு இப்பால் நின்ற இவளுடைய முகத்தில் விழித்துவிட்டார். மறுநாள், எப்போதோ காட்டுக்குள் தொலைந்துபோன அவருடைய பசு ஒரு கன்றையும் கூட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தது. மாடு தன்பாட்டில் வந்தது. புகழ் நாகேஸ்வரிக்குப் போய்ச் சேர்ந்தது.

அன்று தொடங்கி, பிறை தெரிகிற பின்னேரங்களில் குளக்கட்டில் நின்று வானத்தைப் பார்ப்பவர்கள் உள்ளங்கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, கால் விரலால் நிலத்தைத் தடவித் தடவி அவளுடைய வேலிப் படலைக்குள் நுழைவார்கள். நல்லதம்பியின் மனைவி வடிவம்மா எப்போதும் முதல் ஆள். வழியில் ஆட்டுக்குட்டியில் தடுக்கி விழுந்தாலும் கையை எடுக்கமாட்டாள். நாகேஸ்வரி முழுகி, பொட்டு வைத்து, முற்றத்தில் நின்று ஒவ்வொருவரிடமும் "எடுங்கோ கையை" என்று சொல்லிச் சிரிப்பாள். எல்லோரும் போனபிறகு கடைசி ஆளாக நடராசா வருவார். சொந்த வீட்டுக்குள் கண்ணைப் பொத்திக்கொண்டு வருகிற மனுசன். "எடுக்கட்டோ?" என்று கேட்பார். "எடுங்கோவன், ஆரோ புதுப் பொம்பிளையைப் பாக்கிற மாதிரி" என்பாள் இவள்.

ஒரு மார்கழி மாதத்துப் பிறைக்கும் அப்படித்தான் வந்தார், கையை எடுத்தார், அவள் முகத்தைப் பார்த்தார். மறுநாள் காலை அரிசி மூட்டைகளோடு வவுனியாவுக்கு லொறியில் போனார். லொறி திரும்பி வந்தது. நடுவழியில் மறித்தவர்கள் சிலரை இறக்கி வைத்துக்கொண்டு லொறியைப் போகச் சொன்னார்கள் என்றும், இறக்கியவர்களில் நடராசாவும் ஒருவர் என்றும் சாரதி சொன்னான். அதற்குமேல் அவனுக்கும் தெரியாது. நாகேஸ்வரி கேட்காத இடமில்லை. போன இடமெல்லாம் இல்லை என்றார்கள். இறந்துவிட்டார் என்று ஒருவரும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் பிறை வந்தது. நாகேஸ்வரி வழக்கம்போல முழுகிப் பொட்டு வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றாள். வடிவம்மா கண்ணைப் பொத்தியபடி ஒழுங்கையால் வந்தாள். படலையடியில் ஒரு கணம் அவளுடைய கால் பழக்கத்தில் தயங்கியது. பிறகு நேரே நடந்து சந்திக் கடைக்காரரின் மருமகள் வீட்டுக்குப் போனாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் அப்படியே போனார்கள். ஒருவரும் ஒரு சொல் தப்பாகச் சொல்லவில்லை. மறுநாள் வடிவம்மாவே வேலியால் முருங்கைக்காய் நீட்டினாள். நடராசா கடைசியாகப் பார்த்துவிட்டுப் போன முகம் எது என்பதை அந்த ஊரில் எவரும் வாய்விட்டுப் பேசியதில்லை. பேசத் தேவையும் இருக்கவில்லை.

அவள் மட்டும் நிறுத்தவில்லை. ஒவ்வொரு மூன்றாம் பிறைக்கும் முழுகிப் பொட்டு வைத்து முற்றத்தில் நின்றாள்.  பிறையின் வளைவுக்குள் நிலவின் மிச்ச வட்டம் சாம்பல் பூத்தாற்போல மங்கலாகத் தெரிகிற நேரம் அது. குசினி வாசலைப் பார்த்து, "பிள்ளை, வந்து பார். முழுசும் அங்கைதான் நிக்குது. வெளிச்சம் படேல்லை, அவ்வளவுதான்" என்பாள். ஞானேஸ்வரி வெளியே வருவதில்லை. தகப்பன் போனபிறகு அவள் பிறை பார்ப்பதையே விட்டுவிட்டாள். அந்தப் பின்னேரங்களில் குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருப்பாள்.

நடராசா வந்துவிட்டால் அந்த முகத்தில் ஒரு பிழையும் இல்லை. வராவிட்டால்? அந்த "வராவிட்டால்" என்பதை நாகேஸ்வரி தன் மனத்தின் படலைக்குள்ளும் விடமாட்டாள்.

ஒன்றரை வருடம் கழிந்து ஆடி மாதம் வந்தது. நடராசாவின் தமையன் தில்லைநாதன் ஒருநாள் காலை அடுப்படிக்கு வந்து, விறகுக் கட்டையில் குந்தினார். நல்ல மனுசன். தம்பி போன நாளிலிருந்து இந்த வீட்டுக்கு விறகு குறையாமல் பார்த்துக்கொள்கிறவர். 

"பிள்ளை, ஆடியமாவாசை வருது. தீர்த்தமாட முல்லைத்தீவுக் கடலுக்கு ட்ராக்டரிலை போறம். ஞானத்தையும் அனுப்பிவிடு. தகப்பனுக்கு விரதம் பிடிக்கட்டும்."

நாகேஸ்வரி அடுப்புக்குள் உமியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். "ஆற்றை தகப்பனுக்கு?" என்றாள்.

தகப்பனை இழந்த பிள்ளைகள்தான் ஆடியமாவாசைக்கு விரதம் இருப்பார்கள். தகப்பன் உயிரோடிருக்க அந்த விரதத்தைப் பிடிப்பது அவரைக் கொல்வதற்குச் சமம். தில்லைநாதனுக்கு அது தெரியாததல்ல.

"ஒண்டரை வருசமாச்சுப் பிள்ளை."

"அமாவாசையிலை நிலவு செத்தே போகுது, அத்தான்? சூரியனோடை சேந்து பகல் முழுக்க மேலைதான் திரியுது. வெளிச்சத்துக்கை நிக்கிறதாலை எங்களுக்குத் தெரியேல்லை. கண்ணுக்குத் தெரியாட்டில் இல்லையெண்டு சொல்லுறதே?"

"நிலவு திரும்பி வரும். அது அதின்ரை ஓட்டம். மனுசன் அப்பிடியே?" தில்லைநாதன் ஒரு சுள்ளியை முறித்து அடுப்புக்குள் போட்டார். "எனக்கும் தம்பிதானே, பிள்ளை. ஒருவேளை அங்கை அவன் பசியோடை நிண்டால்? எள்ளும் தண்ணியும் இறைக்க ஒரு பிள்ளை இருந்தும் பசியோடை நிண்டால், அந்தப் பாவம் ஆருக்கு?"

நாகேஸ்வரி நிமிர்ந்தாள். முகம் நெருப்பில் சிவந்திருந்தது. "பசியோடை நிண்டால் வீட்டை வரட்டும். இது நெல்லவிக்கிற வீடு."

தில்லைநாதன் எழுந்து போய்விட்டார். போகும்போது தோளில் கிடந்த சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குசினி வாசலில் நின்ற ஞானேஸ்வரி எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். தாயையும் பார்க்கவில்லை, பெரியப்பாவையும் பார்க்கவில்லை.

அமாவாசையன்று ஊர் முழுவதும் காத்தோட்டிக்காய் பொரிக்கிற கசப்பு வாசனை. விரதச் சமையலுக்காக வருடத்தில் அந்த ஒருநாள் அந்தக் காய்க்கு மவுசு. முல்லைத்தீவிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவருகிற சரீப், "இண்டைக்கு ஒருத்தரும் வாங்காயினம் எண்டு தெரியும் அக்கா. சும்மா இருக்க ஏலாமல் வந்தனான்" என்று ஒழுங்கையில் இறங்கினார். நாகேஸ்வரி கூப்பிட்டுப் பாரைமீன் வாங்கினாள். வேண்டுமென்றே வாங்கினாள். குழம்பு கொதித்தபோது, அந்த வாசனை காற்றில் ஏறிப் போகட்டும் என்று குசினி யன்னலையும் திறந்துவிட்டாள். வேலிக்கு அப்பால் வடிவம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனது தெரிந்தது.

மகளுக்குச் சோறு போட்டு, நடு மீனாகப் பார்த்து வைத்தாள். ஞானேஸ்வரி தலையைக் குனிந்தபடி சாப்பிட்டாள்.

"நீங்கள் சாப்பிடேல்லையோ, அம்மா?"

"பல்லுக்கை குத்துது. பிறகு சாப்பிடுறன்."

பிறகு என்பது வரவே இல்லை. பின்னேரம் ஆகியும் அவள் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. முற்றத்துக் கிடாரத்தைக் கரிபோகத் தேய்த்தாள்; தேய்த்ததையே திரும்பத் தேய்த்தாள். சட்டியில் குழம்பு அப்படியே கிடந்தது. ஞானேஸ்வரி சட்டியைத் திறந்து பார்த்தாள், மூடினாள். "பசியோடை நிண்டால்" என்று பெரியப்பா சொன்ன அந்தச் சொல் தாயின் தொண்டைக்குள் போய் மாட்டிக்கொண்டது என்பது பெற்ற பிள்ளைக்குத் தெரியாதா?

ஞானேஸ்வரிக்கு வவுனியாவில் தாதிப் பயிற்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பெரியப்பா கூட்டிக்கொண்டு போவதென்று ஏற்பாடு. போகிற றோட்டு அதே றோட்டு. வேறு றோட்டு இல்லை. போகவேண்டாம் என்று நாகேஸ்வரி ஒருநாளும் சொல்லவில்லை. படித்த பிள்ளை நெல் அவிக்கக்கூடாது என்பது நடராசாவின் ஆசை. ஆனால் மகளின் சட்டைகளை மடித்துப் பெட்டிக்குள் வைத்தவள், அவற்றைத் திரும்ப வெளியே எடுத்துவிடுவாள். புறப்படவேண்டிய நாள், மூன்றாம் பிறைக்கு மறுநாளாக வந்து சேர்ந்தது.

பிறைநாள் பின்னேரம் வானம் துடைத்தாற்போலக் கிடந்தது. நாகேஸ்வரி முழுகி, பொட்டு வைத்து, முற்றத்தில் வந்து நின்றாள். சூரியன் விழுந்த இடத்துக்கு மேலே, குளக்கட்டு மரங்களின் தலையில், நகக்கீறல்போலப் பிறை தெரிந்தது. ஒழுங்கையால் ஆட்கள் கண்ணைப் பொத்திக்கொண்டு போனார்கள். வடிவம்மா போனாள். அவளுக்குப் பின்னால் நல்லதம்பி போனார். காலடிச் சத்தமெல்லாம் சந்திப் பக்கம் போய்த் தேய்ந்தது. நாகேஸ்வரி, போகிறவர்களைப் பார்க்காததுபோல, முற்றத்தில் விரித்த படங்கில் குவிந்து கிடந்த நெல்லைக் காலால் சரிசெய்தாள்.

அப்போது படலை திறந்தது. இரண்டு உள்ளங்கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு ஒருத்தி உள்ளே வந்தாள். கால் விரலால் நிலத்தைத் தடவித் தடவி வந்தாள். ஒன்றரை வருடத்தில் அந்தப் படலைக்குள் அப்படி வந்த முதல் ஆள். நாகேஸ்வரியின் முகம் மலர்ந்தது. முகம் முழுவதும் சிரிக்கிற அந்தப் பழைய சிரிப்பு. பிறகுதான் அது மகளின் சட்டை என்று தெரிந்தது. பின்னேரம் குசினிக்குள் இருந்த பிள்ளை எப்போது பின்பக்கத்தால் குளக்கட்டுக்குப் போனாளோ தெரியாது.

"அம்மா, எங்கை நிக்கிறியள்?"

"இஞ்சைதான்."

"நாளைக்குப் போறனெல்லே. உங்கடை முகத்தைப் பாத்திட்டுத்தான் போவன். ஆரும் என்னவும் சொல்லட்டும்." ஞானேஸ்வரி தாய்க்கு நேரே வந்து நின்றாள். தகப்பன் கேட்கிற அதே மாதிரிக் கேட்டாள். "எடுக்கட்டோ?"

  மகளுடைய விரல்கள் கண்ணிலிருந்து மெல்ல விலகத் தொடங்கின. நாகேஸ்வரி சட்டென்று பாய்ந்து, தன்னுடைய இரண்டு கையாலும் அந்தக் கைகளை இறுகப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா?"

நாகேஸ்வரி பொத்திய கையை எடுக்காமலே மகளைத் தோளோடு அணைத்து, மெதுவாகத் திருப்பி, படங்கில் குவிந்து கிடந்த நெல்லுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். நெல்லில் விழித்தால் குறை வராது. முதுகுப் பக்கம் வந்து நின்றுகொண்டுதான் கையை எடுத்தாள்.

"இப்ப பார்."

ஞானேஸ்வரி நெல்லைப் பார்த்தாள்.  பிறகு விளங்கிற்று. "அம்மா" என்று அழுதுகொண்டு தாயைப் பார்க்கத் திரும்பினாள். நாகேஸ்வரி அவளுடைய தோளைப் பிடித்தபடி, பக்கவாட்டில் கால் வைத்து, முதுகுக்குப் பின்னாலேயே சுற்றி வந்தாள். பிள்ளை மற்றப் பக்கம் திரும்பினாள். தாயும் அந்தப் பக்கம் சுற்றினாள்.